நியமன முறையில் வரும் மாணவர் பிரதிநிதிப் பொறுப்பை ஏற்கலாமா?

கேள்வி: பாம்பன் மாணவி

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஒரு கல்வி நிறுவனத்தில் முதுகலை படித்து வருகிறேன். நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் எழுத விரும்பவில்லை. அண்மையில் எங்கள் துறைத்தலைவர் என்னை அழைத்து, மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு மாணவர் பிரதிநிதியாக என் பெயரை அனுப்பப் போவதாகவும், அதற்கு நான் சம்மதக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றும் கூறினார். மதிப்பெண் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதால் என்னைத் தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார். என் வகுப்பில் வேறு யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிறார். எங்கள் பகுதி மாணவர்களின் சிக்கல்கள் என்னென்ன என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கிறது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் வருமானம் இல்லாதிருக்கும்போதே, அடுத்த பருவத்துக்கான கல்விக் கட்டணத்தை ஜூன் தொடக்கத்தில் கட்டச் சொல்கிறார்கள். தந்தையோ அண்ணனோ இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டால், வீட்டில் இருக்கும் மாணவர்தான் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. வருகைப் பதிவு குறைந்துபோனால் அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். பிற்பகல் தேர்வு 5 மணிக்கு முடியும் நாட்களில் மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் போகும் மாணவிகள் வீடு சேர இரவாகிவிடுகிறது. இவற்றையெல்லாம் பேச ஓர் இடம் கிடைக்கிறது என்பதால் ஏற்றுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் தயக்கமும் இருக்கிறது. முன்பு இந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் விழா மேடையில் விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுத்ததற்கும் குழுப்படத்தில் நின்றதற்கும் மேல் எதுவும் செய்ய முடியவில்லை என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். வகுப்பினர் தேர்ந்தெடுக்காத நான் அவர்கள் சார்பில் எந்த உரிமையில் பேசுவது என்பதும் உறுத்துகிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர்கள் கையில் இருக்கும்போது, எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்று அம்மா அஞ்சுகிறார். இந்தப் பொறுப்பை வகித்தவர்களும் விதிமுறை அறிந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மண்டபம், முன்னாள் பிரதிநிதி

தங்கைக்கு வணக்கம். நீங்கள் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் சம்மதக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன், வகுப்பினரைக் கூட்டி, இப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, நான் போகலாமா, வேறு யாராவது விரும்புகிறீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெரும்பாலும் உங்களையே போகச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால், ஒரு தாளில் அதை எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களை நியமித்தது துறையாக இருந்தாலும், அனுப்பி வைத்தது வகுப்பு என்று ஆகிவிடும். பிறகு கூட்டத்தில் ‘இது உங்கள் தனிப்பட்ட கருத்தா?’ என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

நான் பிரதிநிதியாக இருந்த காலத்தில் நீங்கள் சொல்லும் கட்டணச் சிக்கலையே முதலில் எடுத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் மாணவர்கள் அதைக் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக அலுவலக ஜன்னலருகே நின்று, ‘அப்பா இன்னும் கடலுக்குப் போகவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சியதோடு சரி. வாய்மொழியாகக் கேட்டது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. நாங்கள் செய்தது என்னவென்றால், தடைக்காலம் பற்றிய அரசு அறிவிப்பின் நகலை எடுத்தோம். துறை வாரியாகக் கடல்தொழில் குடும்பத்து மாணவர்களின் பட்டியலை அவர்களின் சம்மதத்தோடு தயாரித்தோம். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தாலும், படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பி, மீன் விற்று, டீசல் செலவும் முதலாளியின் பங்கும் கழிந்து, கூலி கைக்கு வர மாதக் கடைசி ஆகிவிடும் என்பதை ஒரு பத்தியில் விளக்கினோம். இறுதியில் இரண்டு கோரிக்கைகளை மட்டுமே வைத்தோம்: ஜூன் மாத இறுதி வரை தண்டக் கட்டணம் வேண்டாம்; முடியாதவர்களுக்கு இரண்டு தவணை கொடுங்கள்.

தண்டக் கட்டணத்தைத் தள்ளி வைக்க ஒப்புக்கொண்டார்கள். தவணை முறைக்கு மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கினோம். அடுத்து வந்த பிரதிநிதி அந்தக் கடிதத்தை இணைத்தே மேல்முறையீடு செய்தார். கேட்டதில் பாதி கிடைத்தாலும், கிடைக்காத பாதிக்குத் தாளில் ஒரு தடயம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். பிரதிநிதிகள் ஆண்டுதோறும் மாறிவிடுவார்கள், அலுவலகக் கோப்பு மாறாது.

அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். எந்த மனுவையும் இரண்டு பிரதிகளாகக் கொண்டு போக வேண்டும். தபால் பிரிவில் இருப்பவர் அசலை வாங்கிக்கொண்டு, உங்கள் நகலின் மேல் மூலையில் நாள் முத்திரையைக் குத்தி, பதிவேட்டில் ஏறிய வரிசை எண்ணை அதன் கீழே எழுதி, சுருக்கொப்பம் போட்டுத் தருவார். முத்திரை மங்கலாக விழுந்தால் மறுபடியும் குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ‘வைத்துவிட்டுப் போம்மா, சார் வந்ததும் கொடுத்துவிடுகிறேன்’ என்று சொன்னால், சிரித்த முகத்தோடு அங்கேயே நின்று அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த எண் கையில் இருந்தால், பிறகு எப்போது போய்க் கேட்டாலும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதை அவர்களே தேடிச் சொல்வார்கள்.

வருகைப் பதிவு விஷயம் நுட்பமானது. 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் விலக்களிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு எந்த அளவு வரை இருக்கிறது என்பதை உங்கள் பல்கலைக்கழகத் தேர்வு விதிகளில் முதலில் படியுங்கள். அந்த எல்லைக்குள் வருகிறவர்களுக்கு, மருத்துவச் சான்றிதழுக்கு மாற்றாக மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தின் கடிதத்தை ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். கைதான மீனவர்களின் பெயர்ப் பட்டியல் அந்த அலுவலகத்தில் இருக்கும் என்பதால், உண்மையை உறுதி செய்வதும் எளிது. இல்லாத காய்ச்சலுக்கு மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளக் கூடாது என்று அந்த மனுவில் ஒரு வரி எழுதுங்கள்; கூட்டத்தில் இருக்கும் ஆசிரியர்களில் பலருக்கு அது மனத்தில் படும்.

பதில் 2: ஓய்வு பெற்ற பேராசிரியர், இராமநாதபுரம்

அன்பு மகளுக்கு. எந்தக் குழுவுக்குப் போகிறோம், அதில் மாணவருக்கு என்ன இடம் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் அறிவித்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, உங்களுடைய குழுவில் பேராசிரியர் ஒருவர் தலைவராகவும், பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர்களாகவும் இருப்பார்கள். மாணவர் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளர். படிப்பு, விளையாட்டு அல்லது பிற செயல்பாடுகளில் காட்டிய திறமையின் அடிப்படையில் அவரை நியமிக்க வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறையே சொல்கிறது. ஆகவே உங்கள் துறைத்தலைவர் செய்தது விதிக்கு மாறானது அன்று. உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் இரண்டு ஆண்டு, உங்களுக்கு ஓராண்டு. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில் சிறப்பு அழைப்பாளர் சேர மாட்டார். அதாவது நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் செல்லும். இதை உங்களை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அழைப்புக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்கிறதா என்பதில் நீங்களே கண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஒழுங்குமுறையில் மாணவர்களுக்குப் பயன்படும் கால வரம்புகள் இருக்கின்றன. இணையவழியில் வந்த புகாரை நிறுவனம் 15 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு, புகார் கிடைத்ததிலிருந்து கூடியவரை 15 வேலை நாட்களுக்குள் பரிந்துரையோடு அறிக்கை தந்து, அதன் நகலைப் புகார் கொடுத்த மாணவருக்கும் அனுப்ப வேண்டும். முடிவில் நிறைவு இல்லாதவர் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். விசாரணைக்கு மாணவர் தாமே வரலாம், அல்லது தம் சார்பில் ஒருவரை அனுப்பலாம். இந்தச் செய்தியைத் தெரியாத மாணவர்கள் நம் கடற்கரைக் கல்லூரிகளில் ஏராளம். நீங்கள் பொறுப்பேற்றதும் செய்யத்தக்க முதல் வேலை, இந்த வரம்புகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, அனுமதி பெற்று, அறிவிப்புப் பலகையிலும் விடுதி உணவுக்கூடத்திலும் ஒட்டுவதாக இருக்கட்டும்.

நீங்கள் எழுதியவற்றில் சில இந்தக் குழுவுக்கு உரியவை, சில உரியவை அல்ல. உதவித்தொகை தாமதம், விதிக்கு மேல் கட்டணம் கேட்பது, தேர்வு முடிவு தாமதம், சான்றிதழைத் திருப்பித் தர மறுப்பது, பாகுபாடு ஆகியவை தெளிவாக இங்கே வரும். கட்டணத் தேதியை மாற்றுவதும் தேர்வு நேரத்தை முன்னே நகர்த்துவதும் பொதுவான கொள்கைக் கோரிக்கைகள். அவற்றை முதல்வருக்கோ பதிவாளருக்கோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கோ தனி மனுவாக அனுப்பி, நகலைக் குழுவுக்குக் கொடுப்பதே சரியான வழி. எல்லாவற்றையும் ஒரே குழுவின் மேசையில் கொட்டினால், ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒரே வரியில் எல்லாமே திரும்பி வந்துவிடும்.

உங்கள் அம்மாவின் அச்சம் நியாயமானது. அதை மனத்தில் வைத்து ஒரு பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். தனிமனிதர் புகாரையும் பொதுக் கோரிக்கையையும் கலக்க வேண்டாம். ஒரு மாணவி தனக்கு நேர்ந்ததை உங்களிடம் சொன்னால், அவர் அனுமதி இல்லாமல் அதை இன்னொருவரிடம், உங்கள் நெருங்கிய தோழியிடம்கூட, சொல்லாதீர்கள். அது பாலியல் துன்புறுத்தல் பற்றியதாக இருந்தால் உங்கள் குழு அதை விசாரிக்கக் கூடாது. உள்ளகப் புகார்க் குழுவுக்கே அது போக வேண்டும். அவரை அங்கே அழைத்துச் செல்வதோடு உங்கள் வேலை முடிகிறது. பகடிவதை என்றால் 2009 ஒழுங்குமுறைப்படி அமைந்த தனிக்குழு இருக்கிறது, 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

பதில் 3: கீழக்கரை முன்னாள் மாணவர்

பேராசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். இருப்பினும் நியமன முறையை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் உத்தரவிட்டது. அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத சூழல் இருக்கும் இடங்களுக்கு மட்டும், இடைக்கால ஏற்பாடாக நியமன முறையை அந்தக் குழு அனுமதித்தது. மதிப்பெண்ணை மட்டுமே வைத்து நியமிப்பது உகந்ததன்று என்றும், ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் முறையான தேர்தலுக்கு மாற வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. ஆண்டுகள் எத்தனையோ ஓடிவிட்டன. நம் பக்கத்துக் கல்லூரிகளில் எத்தனை மாணவர்கள் மாணவர் பேரவைத் தேர்தலில் ஒரு முறையாவது வாக்களித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மதிப்பெண்ணை அளவுகோலாக வைப்பதில் எனக்கு இருக்கும் மறுப்பு நடைமுறை சார்ந்தது. விடுதியில் தங்காமல் தினமும் பேருந்தில் வந்து போகிறவர், விடியற்காலையில் வாடியில் மீன் பிரித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர், தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு போராடுகிறவர் ஆகியோர்தான் குறைதீர்ப்புக் குழுவின் உதவி அதிகம் தேவைப்படுகிறவர்கள். அவர்கள் மதிப்பெண் பட்டியலின் தலையில் இருப்பது அரிது. இந்த மாணவியின் வீட்டுச் சூழலால் அந்த இடைவெளி இந்த முறை இல்லை. அடுத்த ஆண்டும் அப்படியே அமையும் என்று எப்படி நம்புவது?

ஆகவே என் ஆலோசனை இது: பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்பு கடிதத்திலேயே, வரும் ஆண்டுகளில் வகுப்பு வாரியாக வாக்கெடுப்பு நடத்தி அதில் வருகிறவர்களிலிருந்து நியமனம் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையைச் சேர்த்துவிடுங்கள். லிங்டோ விதிகளின்படி நடக்கும் தேர்தலில் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 5000 ரூபாய், அச்சிட்ட சுவரொட்டிக்கு இடமில்லை, 75 விழுக்காடு வருகை கட்டாயம், அந்த ஆண்டில் நிலுவைத் தாள் இருக்கக் கூடாது. இத்தனை கட்டுப்பாடுகளோடு நடக்கும் தேர்தலைக் கண்டு எந்த நிர்வாகமும் அஞ்ச வேண்டியதில்லை. பேராசிரியர் ஐயா குறிப்பிட்ட உள்ளகப் புகார்க் குழுவின் மாணவ உறுப்பினர்களையே வெளிப்படையான தேர்தல் வழியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அந்தத் தேர்தல் உங்கள் நிறுவனத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் நீங்கள் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி அதுவே.

பதில் 4: தேவிபட்டினம் பெற்றோர்

என் மகளும் தினமும் பேருந்தில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். ஒரே ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். குழுக் கூட்டங்களை வகுப்பு முடிந்த பிறகு மாலையில் வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. அதனால் வெளியூர்ப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இத்தகைய பொறுப்புகளுக்கு வரவே தயங்குகிறார்கள். கூட்டத்தைப் பகல் வேளையில் நடத்தவும், அந்த நேரத்துக்கு வருகைப் பதிவு வழங்கவும் தொடக்கத்திலேயே கேளுங்கள், அம்மா. ஒரு பெற்றோராக எனக்கு அது ஒன்றே பாதி நிம்மதி.

கேள்வி கேட்டவர்: பாம்பன் மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்னபடி நேற்று மதிய இடைவேளையில் வகுப்பினரிடம் பேசினேன். என்னையே போகச் சொன்னார்கள். ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து வரும் ஒரு மாணவர், இளங்கலை மாணவர்களிடம் யார் கேட்பது என்று எழுப்பிய கேள்வி நியாயமாகப் பட்டது. அதனால் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இருவரை, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, அவர்களே தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லி, மாதம் ஒரு முறை அவர்களோடு உட்கார்ந்து குறைகளைத் தொகுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கீழக்கரை அண்ணன் கேட்கும் வாக்கெடுப்புக்கு இது ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோரிக்கையையும் ஏற்புக் கடிதத்தில் சேர்க்கிறேன். அம்மாவிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். தனிமனிதர் புகாரையும் பொதுக் கோரிக்கையையும் பிரித்து வைக்க வேண்டும் என்று பேராசிரியர் ஐயா எழுதிய பகுதியைக் கேட்ட பிறகு, சரி என்று சொல்லிவிட்டார்.

இன்னும் ஓர் ஐயம். கூட்டத்தில் பேசியவற்றைக் கூட்டக் குறிப்பில் ஏற்றாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது?

பதில் 5: மண்டபம், முன்னாள் பிரதிநிதி

பேச நினைப்பதைக் கூட்டத்துக்கு முன்பே பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நிரலில் ஏறிய பொருளைக் குறிப்பில் விட்டுவிடுவது கடினம். கூட்டம் முடிந்த அன்றே, நடந்ததை நீங்கள் புரிந்துகொண்டபடி ஒரு பக்கத்தில் எழுதி, ‘திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்’ என்ற வேண்டுகோளோடு குழுத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் புகார் கொடுத்தவர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டாம். அரசு நிறுவனமாகவோ அரசு உதவி பெறும் நிறுவனமாகவோ இருந்தால், பொதுக் கோரிக்கை மீது எடுத்த முடிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, தலைவரை நேரில் சந்தித்து, ‘ஐயா, இந்தப் பொருள் குறிப்பில் வரவில்லை, அடுத்த கூட்டத்தில் சேர்க்க முடியுமா?’ என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலே பெரும்பாலும் சேர்த்துவிடுகிறார்கள்.